16 பைட் 32 ஆவது எப்படி? கெர்னலுக்குள் தரவு உட்காரும் விதம்

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே ஒரு விவசாயியின் வரவைக் கணினியில் பதிய என்னென்ன வேண்டும்? நெல் சன்ன ரகமா, பொது ரகமா என்று ஒரு குறி. மொத்த எடை. ஈரப்பதம், வழக்கமான வரம்பு 17 சதவீதம். 40 கிலோ மூட்டை எத்தனை என்ற எண்ணிக்கை. பணம் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டதா, இல்லையா. சி மொழி பழகும் ஒருவர் இதை ஒரு ஸ்ட்ரக்ட் ஆக, அதாவது பல தகவல்களை ஒன்றாகக் கட்டிய ஒரே பதிவாக, மனதில் தோன்றிய வரிசையிலேயே எழுதிவிடுவார்:

ரகம்: 1 பைட்
எடை, கிராமில்: 8 பைட்
ஈரப்பதம்: 2 பைட்
மூட்டை எண்ணிக்கை: 4 பைட்
பணம் போனதா: 1 பைட்

மன்னார்குடியில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் கல்லூரி ப்ராஜெக்டுக்காக இப்படித்தான் எழுதியிருந்தான். அது மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லும் ‘சைஸ்ஆஃப்’ போட்டுப் பார்த்துவிட்டு போன் செய்தான்.

“மாமா, கூட்டிப் பார்த்தா 16தான் வருது. இது 32ன்னு காட்டுதே. கம்பைலர்ல ஏதும் கோளாறா?”

“கோளாறு இல்ல மாப்ள. நடுவுல எடம் விட்டுருக்கு. எங்கெங்கன்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாரு.”

போட்டுப் பார்ப்போம். ரகம் 0ஆம் இடத்தில் இருக்கிறது. எடை 1ஆம் இடத்தில் தொடங்க வேண்டியது; தொடங்காது. 64 பிட் லினக்ஸில் 8 பைட் எண் என்றால் அது 8ஆல் வகுபடும் முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்கு அலைன்மென்ட் என்று பெயர். ஆகவே 1 முதல் 7 வரை ஏழு பைட் காலி; எடை 8 முதல் 15 வரை. ஈரப்பதம் 16, 17. மூட்டை எண்ணிக்கைக்கு 4ஆல் வகுபடும் இடம் வேண்டும் என்பதால் 18, 19 காலி. 20 முதல் 23 வரை மூட்டை. 24இல் பணக் குறி. இத்தோடு முடிந்தால் 25 பைட்தான். ஆனால் இதே பதிவுகளை ஒரு அரேயில் ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தால், இரண்டாவது பதிவின் எடையும் 8ஆல் வகுபடும் இடத்தில் விழ வேண்டுமே! அதற்காகக் கடைசியில் இன்னும் ஏழு பைட். காலி இடம் மட்டும் 7, 2, 7 என்று 16 பைட். தரவு 16 பைட். ஆக 32.

இந்தக் காலி இடங்களுக்குத்தான் பேடிங் என்று பெயர். புரோகிராமர் பேச்சில் ஓட்டை.

அதே ஐந்தையும் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றி எழுதுங்கள்: எடை, மூட்டை, ஈரப்பதம், ரகம், பணம். எடை 0 முதல் 7, மூட்டை 8 முதல் 11, ஈரப்பதம் 12, 13, ரகம் 14, பணம் 15. ஓட்டை ஒன்றுகூட இல்லை. சரியாக 16 பைட். ஒரு வரி தர்க்கத்தையும் தொடவில்லை, பாதி இடம் மிச்சம்.

நாம் எழுதுவதை இயந்திர மொழியாக்கும் கம்பைலரே இதை மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். சி மொழியில் அதற்கு அனுமதி கிடையாது. நீங்கள் எழுதிய வரிசையிலேயே முகவரிகள் ஏறிக்கொண்டு போக வேண்டும் என்பது மொழியின் விதி. ரஸ்ட் மொழியில் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பெரும்பகுதி இன்றும் சி தான். ஆகவே ஸ்ட்ரக்ட்டில் எந்த வரி மேலே, எந்த வரி கீழே என்பது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை. எழுதுபவர் எடுக்கும் முடிவு அது.

சரி, இந்தக் காலத்தில் 16 பைட்டுக்கு யார் கவலைப்படுவார்கள்? கல்லூரி ப்ராஜெக்டில் யாரும் கவலைப்பட வேண்டாம். கெர்னலில் படத்தான் வேண்டியிருக்கிறது. ரேமில் இருக்கும் ஒவ்வொரு 4096 பைட் பக்கத்துக்கும் ‘பேஜ்’ என்ற ஒரு ஸ்ட்ரக்ட்டைக் கெர்னல் வைத்திருக்கிறது. 64 பிட் கணினிகளில் அது பொதுவாக 64 பைட். 16 ஜிபி ரேம் என்றால் 41,94,304 பக்கங்கள். அவற்றுக்கான குறிப்புக்கே 256 எம்பி போய்விடுகிறது. அதில் யாராவது ஒரே ஒரு 8 பைட் சுட்டியை (வேறொரு இடத்தின் முகவரியைக் குறிக்கும் எண்) கூடுதலாகச் சேர்த்தால் குறைந்தது இன்னொரு 32 எம்பி போகும், லினக்ஸ் ஓடும் ஒவ்வொரு 16 ஜிபி கணினியிலும்.

ஆனால் இடத்தைவிட நேரம்தான் பெரிய பிரச்சினை. ப்ராசஸர் ரேமிலிருந்து ஒற்றை பைட்டை எடுப்பதே இல்லை. நீங்கள் ஒரு பைட் கேட்டாலும் அதைச் சுற்றியுள்ள 64 பைட்டையும் சேர்த்தே கேஷ் என்ற தன் பக்கத்திலுள்ள சிறிய வேக நினைவகத்துக்குள் இழுக்கும். இந்த 64 பைட் துண்டுதான் கேஷ் லைன். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் 64. சில ப்ராசஸர்களில் 128. கேஷில் இருப்பதை எடுக்க ஒரு நானோ நொடி அளவு ஆகிறதென்றால், ரேம் வரை போய் வர நூறு நானோ நொடி அளவு ஆகும். நம் நெல் பதிவு 32 பைட்டாக இருந்தால் ஒரு லைனில் இரண்டு பதிவு வரும். 16 என்றால் நான்கு.

சேமிப்பகப் பகுதியில் வேலை செய்பவர்கள் முன்பு இதற்கு அவ்வளவு அலட்டிக்கொண்டதில்லை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றவே 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும். அந்த 8 மில்லி நொடிக்குள் ரேமுக்குப் பல்லாயிரம் தடவை போய் வந்துவிடலாம். புரோகிராம் எப்படி இருந்தால் என்ன, டிஸ்க்தான் தாமதம். சுழலும் தட்டே இல்லாத, என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு முறையில் ஓடும் எஸ்எஸ்டி வந்தபிறகு கதை மாறிவிட்டது. நொடிக்குப் பத்து லட்சம் படிப்புகளை (தரவைப் படித்துத் தரும் வேலைகளை) தாங்கும் எஸ்எஸ்டி இன்று கடையில் கிடைக்கிறது. ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒன்றை மட்டும் வைத்து அதை ஓட்ட நினைத்தால், ஒரு படிப்புக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மைக்ரோ நொடி. அதாவது ரேமுக்குப் பத்துத் தடவை போய் வந்தால் தீர்ந்தது. கணக்குப் போட, பூட்டுப் போட எல்லாம் நேரமே மிச்சம் இல்லை. இந்தப் பத்தைக் குறைக்கத்தான் கெர்னல்காரர்கள் ஸ்ட்ரக்ட்டின் வரிகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.

லினக்ஸில் டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு வேலையும் ‘பயோ’ என்ற ஸ்ட்ரக்ட்டாகத்தான் பயணிக்கிறது. எந்தச் சாதனம், படிப்பா எழுத்தா, டிஸ்க்கின் எந்த செக்டரிலிருந்து (சிறு துண்டிலிருந்து), எவ்வளவு, முடிந்ததும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தரவு ரேமில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல ‘பயோ_வெக்’ என்ற குட்டி ஸ்ட்ரக்ட்: பக்கத்துக்கு ஒரு 8 பைட் சுட்டி, நீளம் 4 பைட், பக்கத்துக்குள் எங்கே தொடக்கம் என்பதற்கு 4 பைட். மொத்தம் 16, ஓட்டை இல்லை, ஒரு கேஷ் லைனில் நான்கு. பார்க்கவே நிறைவாக இருக்கும்.

வேலை எதுவரை நடந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள ‘பிவெக்_இட்டர்’ என்று இன்னொன்று. செக்டர் எண் 8 பைட், மிச்ச அளவு 4, எத்தனையாவது துண்டு என்பது 4, அந்தத் துண்டில் எவ்வளவு முடிந்தது என்பது 4. கூட்டினால் 20. நம் நெல் பதிவுக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும்: 8 பைட் எண் உள்ளே இருப்பதால் வாலில் 4 பைட் சேர்த்து 24 ஆக்கிவிடும். இந்த ஸ்ட்ரக்ட் பயோவுக்குள் உட்கார்ந்திருப்பதால் அந்த 4 பைட் ஒவ்வொரு பயோவிலும் வீண். ஆகவே இதற்கு, ஓட்டை விடாதே என்று சொல்லும் ‘பேக்டு’ என்ற குறியும், 4ஆல் வகுபட்டால் போதும் என்ற குறியும் போட்டு 20இலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நாலு பைட் இடத்தில் பயோவின் அடுத்த உறுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பயோவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு பயோவைப் பயன்படுத்தி முடித்துவிட்டு அதையே திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால் பழைய தகவலை அழிக்க வேண்டும். ஆனால் சில உறுப்புகள் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லி அழிப்பதில்லை. ‘பிஐ_மேக்ஸ்_வெக்ஸ்’ என்ற உறுப்புக்கு மேலே இருப்பது அத்தனையையும் ஒரே வீச்சில் சுழியாக்கிவிடுகிறார்கள். அதற்கு மேலே இருந்தால் அழியும், அதிலிருந்து கீழே இருந்தால் பிழைக்கும். இந்தக் கோட்டைக் காப்பது ஸ்ட்ரக்ட்டின் நடுவே உள்ள ஒரு கருத்துரை மட்டும்தான். விஷயம் தெரியாத ஒருவர் புதிய உறுப்பை ‘எங்கே வைத்தால் என்ன’ என்று கீழே கொண்டுபோய் வைத்தால், போன வேலையின் மிச்சம் அடுத்த வேலையில் ஒட்டிக்கொண்டு வரும். கம்பைலர் வாய் திறக்காது.

இதுவரை படித்தவர்கள் ‘இடத்தைச் சுருக்கினால் நல்லது’ என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். அவசரம் வேண்டாம். கெர்னலே வேண்டுமென்று இடத்தை வீணாக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

இரண்டு கோர்கள் இரண்டு வெவ்வேறு எண்களை மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்று வையுங்கள். எண்கள் வேறு வேறு. பங்காளித் தகராறு எதுவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கேஷ் லைனில் விழுந்துவிட்டன. ஒரு லைனில் எழுத வேண்டுமென்றால் அந்த லைன் முழுவதும் அந்தக் கோரின் கையில் மட்டும் இருக்க வேண்டும். எனவே லைன் இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். ஒரே மடையில் தண்ணீர் பாயும் இரண்டு வயல் மாதிரி: வயல் அவரவருக்குச் சொந்தம், வரப்பும் தெளிவாக இருக்கிறது, ஆனால் இவர் தன் பக்கம் திருப்பினால் அவர் வரப்பில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். ஆளுக்கொரு மடை வைத்தால் செலவு கூடும், சண்டை இருக்காது.

கெர்னலும் ஆளுக்கொரு மடைதான் வைக்கிறது. டிஸ்க்குக்கு அனுப்பும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டேக் எண் தர வேண்டும். எந்த எண் காலி, எது போயிருக்கிறது என்பதை பிட்களாகக் குறித்துவைக்கும் பகுதிக்கு ‘எஸ்பிட்மேப்’ என்று பெயர். 64 டேக் என்றால் எல்லாப் பிட்டையும் ஒரே 8 பைட்டில் அடக்கிவிடலாம். அப்படிச் செய்தால் எல்லாக் கோரும் அந்த ஒரு லைனிலேயே மோதும். அதனால் ‘சொல்’ என்று அழைக்கப்படும் இந்த 8 பைட் துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனிக் கேஷ் லைனில் வைக்கிறார்கள். 8 பைட்டுக்கு 64 பைட் இடம். அதுவும் போதாதென்று, பிட்கள் குறைவாக இருந்தால் ஒரு சொல்லில் இத்தனைதான் என்று குறைத்துப் பல லைன்களில் பரப்பியும் வைக்கிறார்கள். கெர்னலில் டிஸ்க் வேலைகளைக் கவனிக்கும் பிளாக் அடுக்கில் ஒவ்வொரு கோருக்கும் உள்ள வரிசை ஸ்ட்ரக்ட்டும் இப்படிக் கேஷ் லைன் எல்லையில் தொடங்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. படிக்க மட்டும் செய்யும் உறுப்புகள் ஒரு பக்கம், அடிக்கடி எழுதும் உறுப்புகள் இன்னொரு பக்கம் என்று பிரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ரேமில் இருக்கும் வரை இவை எல்லாம் வேகம், இடம் சம்பந்தப்பட்ட விஷயங்கள். தப்பாக எழுதினால் மெதுவாக ஓடும். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். அதே ஸ்ட்ரக்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டால் திருத்த முடியாது. கெர்னல் மாறும், கணினி மாறும், டிஸ்க்கில் எழுதியது அப்படியே இருக்கும்.

எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி, கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் அதன் சூப்பர்பிளாக் இருக்கும். அதற்குள் 56ஆவது பைட்டில் இரண்டு பைட் அடையாள எண், பதினாறடிமானத்தில் ‘இஎஃப்53’. டிஸ்க்கை பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால் முதலில் 53, பிறகு இஎஃப் என்று தலைகீழாகத் தெரியும். சிறிய பகுதி முதலில் என்ற லிட்டில் எண்டியன் முறை அது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை இதற்கு நேர்மாறு, பெரிய பகுதி முதலில். 1990களில் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் தன் மிப்ஸ் கணினிகளுக்காக உருவாக்கியது என்பதால் அந்தக் கணினிகளின் வழக்கமே டிஸ்க்கில் நிலைத்துவிட்டது. இன்று உங்கள் இன்டெல் கணினியில் எக்ஸ்எஃப்எஸ் ஓடினால் ஒவ்வொரு எண்ணையும் திருப்பித் திருப்பித்தான் படிக்கிறது.

எண்டியன் விஷயத்தில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். பேடிங்தான் ஏமாற்றிவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸையே ஏமாற்றிய கதை ஒன்று கெர்னல் வரலாற்றில் இருக்கிறது.

எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கைச்செலவுக்கு என்று சில காலி பிளாக்குகளின் எண்களை ஒரு செக்டரில் எழுதி வைத்திருக்கும். அந்தப் பட்டியலின் பெயர் ஏஜிஎஃப்எல். புதிய ஐந்தாம் பதிப்பு வடிவத்தில் அந்தச் செக்டருக்கு ஒரு தலைப்பகுதி வந்தது: அடையாள எண் 4 பைட், பகுதி எண் 4, அந்தக் கோப்பு முறைமைக்கே உரிய தனி அடையாளமான யுயுஐடி 16, பதிவேட்டு எண் 8, சரிபார்ப்பு எண் 4. கூட்டுங்கள், 36. நடுவில் ஓட்டையும் இல்லை. ஆனால் 8 பைட் எண் ஒன்று உள்ளே இருக்கிறது. நம் நெல் பதிவின் வாலில் நடந்தது நினைவிருக்கிறதா? 64 பிட் கணினியில் கம்பைலர் சத்தமில்லாமல் 4 பைட் சேர்த்து 40 ஆக்கிவிட்டது. 32 பிட் இன்டெல்லில் ஸ்ட்ரக்ட்டுக்குள் 8 பைட் எண் 4ஆல் வகுபடும் இடத்தில் இருந்தால் போதும் என்பதால் அங்கே 36தான்.

இப்போது பட்டியலில் எத்தனை எண் கொள்ளும்? 512 பைட் செக்டரில் தலைப்பகுதி போக மீதியை 4ஆல் வகுக்க வேண்டும். 36 கழித்தால் 119. 40 கழித்தால் 118. ஒரே டிஸ்க், ஒரு கணினி 118 என்கிறது, இன்னொன்று 119 என்கிறது. 32 பிட்டில் ஓடிய பழுதுபார்க்கும் கருவி 119ஆவது இடத்தைப் பார்த்து ‘இங்கே குப்பை கிடக்கிறது’ என்று புகார் சொன்னது. அதன் கணக்குப்படி அது சரியாகத்தான் சொன்னது!

2016இல் வந்த 4.5 கெர்னலில் அந்தத் தலைப்பகுதிக்கு ‘பேக்டு’ போட்டு எல்லா இடத்திலும் 36 ஆக்கினார்கள். ஒரே ஒரு சொல். பிரச்சினை அத்தோடு தீரவில்லை. இந்தப் பட்டியல் வட்டமாகச் சுற்றுவது. கடைசி இடம் நிறைந்ததும் முதல் இடத்துக்குத் திரும்பும். பழைய கெர்னலுக்குக் கடைசி இடம் 118ஆவது, புதியதற்கு 119ஆவது. சுற்றிக்கொண்டிருக்கும் நிலையில் டிஸ்க் ஒரு கெர்னலிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறினால் கணக்கு உதைக்கும். ஆகவே 2018இல் 4.17 கெர்னலில், பட்டியலின் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் பட்டியலையே வெறுமையாக்கிவிட்டுத் தொடர்வது என்று ஒரு ஏற்பாடு சேர்த்தார்கள். அப்படி விட்டுப்போன பிளாக்குகளைப் பிறகு பழுதுபார்க்கும் கருவி ஓட்டித்தான் மீட்க வேண்டும். நாலு பைட் வால், இத்தனை வருட வேலை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ‘பேக்டு’ போட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அதுவும் சரிவராது. பேக்டு என்றால் உறுப்புகள் எந்த முகவரியிலும் இருக்கலாம் என்று கம்பைலரிடம் சொல்வது. சில ப்ராசஸர்களில் அது ஒரே கட்டளையில் படிக்க வேண்டியதைப் பைட் பைட்டாகப் படித்துச் சேர்க்கும். பேக்டு ஸ்ட்ரக்ட்டின் உறுப்புக்கு ஒரு சுட்டி எடுத்து வேறு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அந்த ஃபங்ஷனுக்கு இந்தச் சமாச்சாரம் தெரியாது. டிஸ்க்குக்குப் போகும் ஸ்ட்ரக்ட்டில் ஓட்டை விழும் இடங்களை நீங்களே ‘காலி’ என்று ஒரு உறுப்பாக எழுதி, சுழி நிரப்பி வைப்பதுதான் என் கணிப்பில் உத்தமம். இதில் இன்னொரு லாபம்: கம்பைலர் விட்ட ஓட்டையை யாரும் நிரப்புவதில்லை, அதில் பழைய கெர்னல் நினைவகத் துணுக்குகள் கிடக்கும், அவை அப்படியே டிஸ்க்குக்கோ பயனரின் புரோகிராமுக்கோ போய்ச் சேரும். பாதுகாப்புக் குறைகளில் இது ஒரு தனி வகை.

என்விஎம்இ தரமோ இதையெல்லாம் முதலிலேயே தீர்த்துவைத்திருக்கிறது. சாதனத்துக்கு அனுப்பும் கட்டளை சரியாக 64 பைட், சாதனம் திருப்பி அனுப்பும் முடிவுக் குறிப்பு 16 பைட். லினக்ஸ் டிரைவரில் கட்டளை ஸ்ட்ரக்ட்டுகளின் அளவு 64 இல்லையென்றால் கம்பைல் ஆகாமலேயே நின்றுவிடும்படி சோதனை வரிகள் இருக்கின்றன. எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் டிஸ்க் ஸ்ட்ரக்ட்டுகளின் அளவுகளைப் பட்டியலிட்டு இப்படிச் சரிபார்க்க ஒரு தனிக் கோப்பே இருக்கிறது. டிஸ்க்கிலோ ஒயரிலோ போகும் எந்த ஸ்ட்ரக்ட் எழுதினாலும் அதன் கீழே இப்படி ஒரு வரி சேர்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

உங்கள் கணினியில் இதையெல்லாம் கண்ணால் பார்க்க ‘பாஹோல்’ என்ற கருவி இருக்கிறது. அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ எழுதியது. லினக்ஸில் ‘ட்வார்வ்ஸ்’ என்ற தொகுப்பில் கிடைக்கும். ஸ்ட்ரக்ட்டின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பும் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட், எங்கே ஓட்டை, கேஷ் லைன் எங்கே முடிகிறது என்று வரி வரியாகக் காட்டும். இப்போதைய பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் கெர்னல் தன் ஸ்ட்ரக்ட்டுகளின் விவரத்தை பிடிஎஃப் (BTF) என்ற வடிவில் தானே வெளியிடுவதால் சோர்ஸ் கோடுகூட வேண்டாம். முதலில் பயோவைக் கேட்டுப் பாருங்கள், பிறகு பிவெக்_இட்டர், 20 என்றுதான் காட்டுகிறதா என்று. உறுப்புகளை எப்படி மாற்றி அடுக்கினால் இடம் மிச்சமாகும் என்று யோசனை சொல்லும் வசதியும் அதில் இருக்கிறது. ரேமில் மட்டும் வாழும் ஸ்ட்ரக்ட்டுக்கு அதைக் கேளுங்கள். டிஸ்க்குக்குப் போகும் ஸ்ட்ரக்ட்டுக்கு அது என்ன சொன்னாலும் கை வைக்காதீர்கள்.